மீனின் ஈரலில் படியும் கொழுப்பு

காலங்கடந்த வருகை

மீன் செத்து மிதக்கத் தொடங்கிய பின்னரே வைத்தியனைத் தேடும் வழக்கம் ஐயங்கார்குளம் சுற்றுவட்டத்துப் பண்ணைக்காரர்களிடம் வேரூன்றிவிட்டது. கொழுகொழுவென்றிருந்த கட்லாவும் ரோகுவும் வலை இழுத்த மறுதினமே காரணமின்றி மடிந்தனவென்று அவர்கள் கொண்டுவரும் மீனைக் கீறிப் பார்த்தால், குடலைச் சுற்றிக் கொழுப்பு அப்பியிருப்பதையும், செம்பழுப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி மஞ்சளித்து, விரல் பட்டாலே நைந்துபோவதையும் அநேகமாகக் காண்கிறேன். மாதக்கணக்கில் வளர்ந்த வியாதி அது. வலையின் அதிர்ச்சி வெறும் நிமித்தமே.

கொழுத்ததெல்லாம் ஆரோக்கியமா?

தீனி ஏற ஏற எடையும் ஏறும் என்பது முதல் பிரமை. செலவழியாத மாவுச்சத்தும் எண்ணெயும் சதையாவதில்லை, கொழுப்பாகி ஈரலில் தங்குகின்றன. ஐயங்கார்குளத்தில் முன்னாளில் தாதாசாரியார் என்பவர் வெட்டுவித்த குளத்தில் பாசியையும் பூச்சியையும் தேடித் தின்று திரியும் கெண்டைக்கு இவ்வியாதி கண்டு நான் அறியேன்.

மாட்டுக்கு ஆகாத புண்ணாக்கு மீனுக்கு ஆகும் என்பது இரண்டாவது பிரமை. இதுவே மகா விபரீதமானது. சிக்கு நாற்றமெடுத்த தவிட்டில் வைட்டமின் ஈ அழிந்துபோகிறது. பூசணம் பூத்த கடலைப் புண்ணாக்கிலோ அஃப்ளடாக்சின் என்னும் விஷம் உண்டாகி ஈரலையே தாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டதற்கு இவ்விஷமேறிய கடலைப் புண்ணாக்கே காரணம். கோழிக் கழிவை அள்ளிக் கொட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாமே வைத்தியரானவர்கள்

கிருமியே காரணமல்லாத வியாதிக்குக் கோழிப்பண்ணை ஆன்டிபயாடிக்கைத் தீனியில் பிசைந்து கொடுப்பானேன்? ஒருவர் கீழாநெல்லியை அரைத்துக் கரைக்கிறார். மற்றொருவர் மனிதருக்குரிய ஈரல் டானிக்கைப் புட்டி புட்டியாகக் குளத்தில் ஊற்றுகிறார். தீனியைக் குறைக்க மட்டும் ஒருவருக்கும் மனம் வருவதில்லை!

பரிசோதனை

ஈரல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் தெரியும். இந்தப் பரிசோதனைக்கு அழுகிய மீன் உதவாது.

தயவுசெய்து கேளுங்கள்

பதினைந்து தினங்களுக்கொருமுறை சில மீன்களைப் பிடித்து நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த கெண்டைக்கு நாளொன்றுக்கு மொத்த உடல் எடையில் 2 முதல் 3 சதவீதத் தீனி போதும். மப்பும் மந்தாரமுமான நாட்களில் அதையும் குறையுங்கள். தீனியைத் துளையிட்ட சாக்கில் இட்டுக் கழியில் கட்டித் தொங்கவிட்டால், மிச்சத்தைக் கண்டே மறுநாள் அளவை நிர்ணயிக்கலாம். தீனி மூட்டைகளை ஈரத்தரையில் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஈரல் முற்றிலும் சிதையாதவரை, சில தினங்கள் தீனியை நிறுத்திப் பின்னர் நல்ல தீனியை அளவோடு தந்தால் மீன் தேறிக்கொள்ளும். ஆகையால் முதல் மீன் மந்தமான அன்றே வாருங்கள்.