ஐ.டி.ஐ-யா, கம்பெனி டிரெய்னியா? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

போன வாரம் செம்பரம்பாக்கத்துல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் வரிசையா போகுது, இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும். மாமா பையன் பத்தாவது முடிச்சிருக்கான். "அண்ணா, எனக்குக் கார் மெக்கானிக் ஆகணும். கம்பெனில சேர்ந்தா கத்துக்கலாம்ல?"னு கேட்டான். இந்த எபிசோடு அவனுக்காக.

லைன்ல ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டேஷன். அதே நாலு போல்ட்டு, ஷிப்ட் முழுக்க. லேசான வேலை இல்ல, ஆனா பழுது பார்க்கிற வேலையும் இல்ல. என் பெரியப்பா பையன் 'டிரெய்னி'ன்னு ரெண்டு வருஷம் ஒரு கம்பெனில கதவு மாட்டினான். வெளிய வந்தப்ப கைல இருந்தது ஐ.டி. கார்டு மட்டும்தான்.

மெக்கானிக் ஆகணும்னா ஐ.டி.ஐ. அதுல மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்பு ரெண்டு வருஷம், பத்தாவது பாஸ் போதும். இன்ஜினைப் பிரிச்சு, சிலிண்டர் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அளந்து, மறுபடி கோக்கணும். கிளட்ச், பிரேக், வயரிங் எல்லாம் உண்டு.

எனக்குப் பிடிச்சது ஃபால்ட் கண்டுபிடிக்கிற பகுதி. ஸ்கேனரை மாட்டினா 'பி 0171'னு ஒரு கோடு வரும். காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். அரைகுறையா தெரிஞ்சவர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாத்துவார். கஸ்டமர் காசு போகும், லைட்டு திரும்ப எரியும். நிஜத்துல ஒரு ரப்பர் குழாய் வெடிச்சு காத்தை உறிஞ்சிட்டு இருக்கலாம், ஃபியூவல் பம்ப் பிரஷர் குறைஞ்சிருக்கலாம். நம்ம எரர் லாக் மாதிரியேதான்: எங்க விழுந்துச்சுன்னு சொல்லும், யார் தள்ளினாங்கன்னு சொல்லாது.

ஒரகடத்துலயே அரசு ஐ.டி.ஐ இருக்கு. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ-களை நவீனமாக்கின திட்டத்துல அதுவும் ஒண்ணு. ரோபோ, எலக்ட்ரிக் வண்டி எல்லாம் உள்ள வந்திருக்கு.

படிப்பு முடிஞ்சா என்.டி.சி. சான்றிதழ். அடுத்தது அப்ரென்டிஸ். இங்கதான் பசங்க ஏமாறுறாங்க. 'டிரெய்னி' வேற, 'அப்ரென்டிஸ்' வேற. அப்ரென்டிஸ்னா 1961 சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகணும், உதவித்தொகை வரணும், கடைசில தேர்வு எழுதி என்.ஏ.சி. சான்றிதழ் வாங்கலாம். அதே சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு: பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு கம்பெனிக்குப் பொதுவா கட்டாயம் இல்ல. ஒப்பந்தத்துலயே எழுதியிருந்தாதான் கேட்க முடியும். அதனால ஒப்பந்த எண்ணை முதல் மாசமே கேட்டு வாங்குங்க, அரசு அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டல்ல பாருங்க.

பெரியப்பா பையனுக்கும் தேடிப் பார்த்தோம். அவன் பேரே அதுல இல்ல.