பதினைந்து டாலர் கருவி காட்டிய புதையல்

ராணுவம் கழித்துப் போட்ட பழைய சாமான் ஒன்றைப் பதினைந்து டாலர் கொடுத்து வாங்கினார் ஒரு மனிதர். யுத்தகளத்தில் மண்ணுக்கடியில் எதிரி புதைத்து வைக்கும் கண்ணிவெடிகளைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்த கருவி அது. அதைத் தூக்கிக் கொண்டு அவர் கடற்கரை மேட்டில் நடந்தார். அந்த நடையின் முடிவில் அகப்பட்டது என்ன தெரியுமா? 1715-ம் ஆண்டுப் புயலில் அழிந்துபோன ஸ்பெயின் தேசத்துப் பொக்கிஷக் கப்பல்களின் தடயம்!

இது கட்டுக்கதையல்ல. அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் புளோரிடா ராஜ்யத்தில் நடந்தது. அந்த மனிதரின் பெயர் கிப் வாக்னர். வீடு கட்டிக் கொடுக்கும் காண்டிராக்டர். ஒஹையோவிலிருந்து வந்து, செபாஸ்டியன் என்னும் சிற்றூர்ப் பக்கம் குடியேறியவர். அந்தக் கரைக்கு இன்றைக்குப் 'புதையல் கடற்கரை' என்றே பெயர். பலத்த காற்று அடித்து ஓய்ந்தால் போதும், தோளில் கருவியும் கையில் மண்வெட்டியுமாக ஆட்கள் அங்கே வந்துவிடுகிறார்கள்.

ஒரே இரவில் 11 கப்பல்கள்

1715 ஜூலை 24-ந் தேதி கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து 12 கப்பல்கள் புறப்பட்டன. பதினொன்று ஸ்பெயினுடையவை, ஒன்று மட்டும் பிரெஞ்சுக் கப்பல். நீண்ட யுத்தத்தினால் ஸ்பெயின் கஜானா காலியாகிக் கிடந்தது. மெக்ஸிகோவின் வெள்ளியும் தென் அமெரிக்காவின் தங்கமும் எப்போது வந்து சேரும் என்று மன்னர் ஐந்தாம் பிலிப் காத்திருந்தார். சீனத்துப் பீங்கான்கூட மணிலா வழியாக வந்து அந்தக் கப்பல்களில் ஏறியிருந்தது.

புயல் மாதம் பிறந்து விட்டது. ஆனாலும் புறப்பட்டார்கள். ஜூலை 30-ந் தேதி இரவு பிடித்த சூறாவளி, மறுநாள் விடிவதற்குள் ஸ்பெயினின் பதினொரு கப்பல்களையும் புளோரிடாக் கரையோரத்துப் பாறைகளில் மோதி நொறுக்கிவிட்டது. பிரெஞ்சுக் கப்பல் மட்டுமே தப்பியது. தளபதி உபீயா உட்பட ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கரையேறி, குடிக்க நல்ல தண்ணீருக்கே தவித்தபடி மணல் மேட்டில் முகாமிட்டார்கள்.

பின்னர் ஹவானாவிலிருந்து ஆட்கள் வந்து, முக்குளிப்பவர்களை இறக்கிப் பெரும் பகுதியை மீட்டார்கள். மீட்ட வெள்ளியைக் காக்க வைத்திருந்த முகாமைக் கடற்கொள்ளைக்காரன் ஹென்றி ஜென்னிங்ஸ் வந்து சூறையாடியது வேறு கதை. எஞ்சியது கடலோடு போயிற்று. இடமும் நாளடைவில் மறந்து போயிற்று.

வாக்னரின் சந்தேகம்

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், வாக்னர் அந்தக் கரையில் கறுத்த, கோணல்மாணலான வெள்ளிக் காசுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தவர்களுக்கும் அவ்வப்போது கிடைத்து வந்தவைதான். ஆனால் மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை வாக்னர் கவனித்தார். வருஷம் தெரியும் காசுகளில் ஒன்றுகூட 1715-க்குப் பிந்தியதாக இல்லை!

கப்பல்கள் மூழ்கியது தெற்கே வெகு தூரத்தில் என்பதுதான் அப்போது கற்றவர்களின் அபிப்பிராயம். வாக்னர் அதை ஏற்கவில்லை. அவருடைய நண்பர் டாக்டர் கெல்ஸோ புத்தகசாலைகளைத் துருவினார். பெர்னார்ட் ரோமன்ஸ் என்பவர் புளோரிடாவைப் பற்றி 1775-ல் வெளியிட்ட பழைய புத்தகம் ஒன்று அகப்பட்டது. கப்பல்கள் உடைந்தது செபாஸ்டியன் நதி முகத்துக்கு எதிரே என்று அதில் கண்டிருந்தது. ஸ்பெயினின் செவில் நகரத்து ஆவணக் களஞ்சியத்திலிருந்து பழைய கடிதங்களின் படச்சுருள்களும் வந்து சேர்ந்தன.

இதன் பிறகுதான் அந்தப் பதினைந்து டாலர் கருவி வேலைக்கு வந்தது. கரை மேட்டுப் புதர்க் காட்டில் அது ஓயாமல் கூவிற்று. தோண்டத் தோண்டக் கப்பல் ஆணிகள், பீரங்கிக் குண்டுகள், பீங்கான் சில்லுகள். ஒரு நாள் வைரம் பதித்த தங்க மோதிரமும் வந்தது. புயலில் பிழைத்தவர்கள் தங்கியிருந்த முகாம் அதுதான். இன்று அதே இடத்தில் சிறிய அருங்காட்சிசாலை இருக்கிறது.

முகாம் இங்கே என்றால் கப்பல் எதிரே இருந்தாக வேண்டுமல்லவா? டயர் டியூப் ஒன்றில் மிதந்து கொண்டே கடலுக்கடியில் பார்த்தார் வாக்னர். பீரங்கிகள் தெரிந்தன. சர்க்காரிடம் அனுமதி பெற்று, கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு சர்க்காருக்கு என்ற நிபந்தனையுடன் வேலை தொடங்கிற்று. 1962-ல் வாக்னரின் உறவுக்காரப் பையன் ஒருவன் கரையிலேயே ஒரு தங்கச் சங்கிலியைக் கண்டெடுத்தான். பதினோரு அடிக்கு மேல் நீளம், 2,176 கண்ணிகள், நுனியில் டிராகன் உருவத்தில் ஊதல். அந்த டிராகனுக்குள் பல் குத்தும் குச்சியும் காது குடையும் கரண்டியும் மடங்கி இருந்ததுதான் வேடிக்கை! 1967-ல் அது 50,000 டாலருக்கு ஏலம் போயிற்று. 1964-ல் இதே கரையருகே ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான தங்க நாணயங்கள் கடலடியில் பரப்பி வைத்தாற்போல் கிடைத்தன.

இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் கருவி வாங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது சோடா டின் மூடிதான்.

உப்பு செய்யும் குறும்பு

உலோகம் காட்டும் கருவியின் தத்துவம் எளியது. தட்டுப் போன்ற அடிப்பாகத்தில் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓட, சுற்றிலும் காந்த சக்தி மாறி மாறி எழும்புகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சின்ன மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சியைச் சுருள் உணர்ந்து காதில் ஒலியாகச் சொல்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போலந்து ராணுவ அதிகாரி கொசாட்ஸ்கி கையால் தூக்கிச் செல்லும் கண்ணிவெடிக் கருவியை உருவாக்கிக் கொடுத்தார். 1942-ல் எல் அலமீன் பாலைவனச் சண்டையில் அது உதவிற்று. யுத்தம் முடிந்ததும் இத்தகைய கருவிகள் கழிவு விலைக்கு வந்தன.

தோட்டத்திலும் வயலிலும் ஒழுங்காக வேலை செய்யும் கருவி கடற்கரை ஈர மணலுக்குப் போனால் பைத்தியம் பிடித்தது போலக் கத்தும். காரணம் உப்பு. உப்பு நீரிலும் மின்சாரம் ஓடுகிறது. ஆகவே ஈர மணல் முழுவதையுமே மெல்லிய தகடாகக் கருவி எண்ணிவிடுகிறது. கத்தலை அடக்க விசையைக் குறைத்தால், பக்கத்தில் கிடக்கும் மோதிரமும் சேர்ந்து மௌனமாகி விடும். இன்னொரு கஷ்டமும் உண்டு. மெல்லிய தங்கச் சங்கிலி தரும் ஒலியும் உப்பு தரும் ஒலியும் ஏறக்குறைய ஒரே ஜாதி. உப்பை ஒதுக்கும்போது சங்கிலியும் ஒதுங்கிவிடுகிறது.

இதற்கு இரண்டு மருந்துகள் கண்டிருக்கிறார்கள். முதலாவது, துடிப்புக் கருவி. சுருளில் மின்சாரத்தைச் சட்டென்று பாய்ச்சி, சட்டென்று நிறுத்தி, இமைப்பொழுதிலும் மிகச் சிறிய இடைவெளி விட்டு அதன்பின் காது கொடுக்கும். உப்பு நீரின் எதிரொலி அதற்குள் செத்துவிடும். உலோகத்தின் எதிரொலி மிஞ்சும். ஆழமும் நன்றாகவே போகும். ஆனால் இது இரும்பாணி, இது தங்கம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. கூவினால் தோண்ட வேண்டியதுதான். இரண்டாவது, ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, அவற்றை ஒப்பிட்டு உப்பைக் கழித்து விடும் கருவி. ஆஸ்திரேலியாவின் மைன்லாப் கம்பெனி 1991-ல் இந்த வகையை வெளியிட்ட பிறகு கடற்கரைக்காரர்கள் பாடு சுலபமாயிற்று.

எந்தக் கருவியானாலும் ஒற்றைக் காசை ஒரு முழ ஆழத்துக்குக் கீழே காண்பது அபூர்வம். ஆகையால் அனுபவஸ்தர்கள் கருவியை விடக் கடலைத்தான் நம்புகிறார்கள். சாதாரண நாட்களில் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கிறது. கனமான பொருள் கீழே கீழே இறங்கி விடுகிறது. வடகிழக்குக் காற்று நாலு நாள் அடித்தால் அதே அலை பல அடி மணலை வாரிக்கொண்டு போகும். 2004 செப்டம்பரில் பிரான்சஸ், ஜீன் என்று இரண்டு சூறாவளிகள் மூன்றே வாரத்துக்குள் இந்தக் கரையில் ஏறியடங்கின. 2022 நவம்பரில் நிகோல் வந்தது. பலருடைய வீட்டுக்கு அஸ்திவாரம் தெரிந்த அதே காலை, தேடுவோருக்குச் சுபதினமாக இருந்தது.

வெள்ளிக்காசு உப்பில் ஊறிக் கறுத்து, கல்லோடு கல்லாய்க் கிடக்கும். தெரியாதவர் மிதித்துக்கொண்டு போவார். தங்கம் மட்டும் முந்நூறு ஆண்டு கழித்தும் நேற்றுச் செய்தது போல் மின்னும்.

பழைய கருவி வாங்குவோருக்கு

நீரில் இறங்கும் புதிய கருவி ஒன்று ஆயிரம் டாலருக்கு மேலும் விலையாகிறது. எனவே பழையதை நாடுவோர் அதிகம். இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது.

முதற்கண் ஒரு விஷயம். விற்பனைக்கு வரும் பழைய கருவிகளில் பல, தோட்டத்துக்கென்று செய்யப்பட்ட ஒற்றை அலைவரிசைக் கருவிகள். வாங்கியவர் கடற்கரைக்குக் கொண்டு போய், கத்தலைக் கேட்டுச் சலித்து, "இரண்டு தடவைதான் உபயோகித்தேன்" என்று விற்கிறார். அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு உதவாதது வாங்குகிறவருக்கும் அதே மணலில் உதவாது!

இரண்டு தடவையா, இருநூறு தடவையா என்பதைக் கருவியே சொல்லிவிடும். அடித்தட்டின் உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மணல் இறுகியிருக்கும்; முழங்கை தாங்கும் கிண்ணத்தில் தேய்மானம் தெரியும். பாட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் உப்பு உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டைத் தண்டோடு பிணைக்கும் காதுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால், "நீரில் இறங்கும் கருவி" என்பது பேச்சளவில்தான். ஒயரை மெதுவாக அசைத்துக் காது கொடுக்க வேண்டும். அசைத்தபோதெல்லாம் கருவி கத்தினால் உள்ளே கம்பி அறுந்து கொண்டிருக்கிறது.

பரிசோதனைக்கு ஒரு தங்க மோதிரம், ஒரு காசு, ஒரு ஆணி போதும். பார்க்கிறவர் கை மோதிரத்தையும் டெலிபோனையும் கழற்றித் தூர வைத்துவிட வேண்டும். முற்றத்தில் காட்டினால் எல்லாக் கருவியும் சமர்த்தாகத்தான் இருக்கும். ஈர உப்பு மணலில் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு இணங்காதவரிடம் வாங்காமலிருப்பதே உத்தமம்.

கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். ஆரகன் ராஜ்யத்தில் பிரசித்தமாயிருந்த வைட்ஸ் கம்பெனி 2020-ல் கதவை மூடிவிட்டது. அதன் கருவி மலிவாகக் கிடைத்தாலும் உறுப்பு தேடி அலைய நேரிடும். பெயர்பெற்ற கருவிகளைப் போலவே போலிகளும் சந்தையில் உலாவுகின்றன. தொடர் எண்ணைக் கேட்டு வாங்கி, கம்பெனியில் விசாரித்துக் கொண்டால் பணம் தப்பும். வாங்கிய பின்னர் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்காவிட்டால், அடுத்த முறை விற்கிறவர் இவராகத்தான் இருப்பார்.

சட்டம் சும்மா விடாது

கருவி இருக்கிறது என்பதற்காக எங்கும் தோண்டிவிட முடியாது. கனவெரல் தேசியக் கடற்கரையில் தேடுவதே குற்றம். ராஜ்யப் பூங்காக்களில் குறித்த இடம் தவிர மற்ற இடங்களில் அனுமதியில்லை. மூழ்கிய கப்பல்கள் கிடக்கும் கடற்பகுதி உரிமம் பெற்ற கம்பெனியைச் சேர்ந்தது; அதன் காண்டிராக்டர்களும் கண்டதையெல்லாம் கணக்குக் காட்டியாக வேண்டும். அதிலிருந்து நூற்றுக்கு இருபது வரை ராஜ்ய சர்க்கார் அருங்காட்சிசாலைக்கென்று எடுத்துக் கொள்ளலாம். இது வெறும் பண விவகாரமல்ல. எந்தக் காசு எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், ஆயிரம் பேர் மாண்ட அந்த இரவைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி அடைபட்டுப் போகிறது.

2015-ல், புயலின் முந்நூறாவது ஆண்டு நிறைவு நாளிலேயே, சுமார் 350 தங்க நாணயங்கள் கிடைத்ததாகச் செய்தி வந்து உலகமே வியந்தது. நாற்பத்தைந்து லட்சம் டாலர் மதிப்பு என்றார்கள். அதே 2015-ல் இன்னொன்றும் நடந்திருக்கிறது. காண்டிராக்டு எடுத்த ஒரு குடும்பத்தாருக்கு 101 தங்க நாணயங்கள் அகப்பட்டன. கணக்குக் காட்டியது 51. மீதி ஐம்பது மறைந்துவிட்டன. மறைத்த நாணயங்களில் மூன்றை 2016-ல் கடலடியில் போட்டு, புதிதாகக் கண்டெடுத்தது போல் நாடகமாடியதாகவும் அதிகாரிகள் சொல்கிறார்கள்.

ஒன்பது ஆண்டு கழித்து, 2024-ல், வீடுகள், பெட்டகங்கள், ஏலக்கடைகள் என்று சோதனை போட்டு 37 நாணயங்களை மீட்டிருப்பதாகப் புளோரிடா வனவிலங்கு-மீன்வள இலாகா அறிவித்தது. மீதி 13 நாணயங்களுக்கு அந்த அறிவிப்பு வெளியான நாள் வரையில் தடயம் இல்லை.