மஞ்சள் நோட்டீஸுக்குப் பிறகு: நொடித்துப்போனவர் மறுபடி கடனில் விழாதிருக்க

தொழில் நொடித்து, நீதிமன்றத்தில் ஐ.பி. எனப்படும் நொடிப்பு மனு போட்டு, கடன் கொடுத்தவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர் இரண்டு விதமாகப் பேசும். 'அவன் கதை முடிஞ்சுது' என்பார்கள் சிலர். 'கடனெல்லாம் போச்சு, தப்பிச்சுட்டான்' என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. நொடிப்பு மனு சட்டம் தரும் ஒரு வழி. அதில் உரிமைகளும் உண்டு, கட்டுப்பாடுகளும் உண்டு. ஆனால் வீட்டுச் செலவு பழைய வழக்கத்திலேயே ஓடினால் எந்த நீதிமன்ற ஆணையாலும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது. பலர் பழைய செலவை விட முடியாமல் தவிப்பதற்குக் காரணம் ஆசையல்ல, கூச்சம். 'கையில் பணம் இல்லை' என்று சொல்லக் கூசித்தான் அடுத்த கடனை வாங்குகிறார்கள்.

மனு போட்டாலே கடன் தீராது

2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதியும் இருக்கிறது. ஆனால் அது, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டங்கள்தான்: சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். சென்னையில் உயர் நீதிமன்றமும் மாவட்டங்களில் சார்பு நீதிமன்றங்களும் இந்த மனுக்களை விசாரிக்கின்றன.

1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று படிகள் உண்டு. முதலில் மனு. அடுத்து, 'இவர் நொடித்தவர்' என்று நீதிமன்றம் அறிவிக்கும் ஆணை. அதன்பின் உங்கள் சொத்து அஃபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். அவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பகிர்ந்து தருவார். மூன்றாவது, விடுவிப்பு ஆணை. கடனிலிருந்து உண்மையில் விடுபடுவது இந்த மூன்றாவது படியில்தான். அதற்கு நீதிமன்றம் குறித்த கெடுவுக்குள் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கத் தவறினால் நொடிப்பு ஆணையே ரத்தாகலாம். வக்கீலுக்குப் பீஸ் கொடுத்து நோட்டீஸ் அனுப்பியதோடு வழக்கை மறந்துவிடுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடுவிப்பு கிடைத்தாலும் சில கடன்கள் கூடவே வரும்: அரசுக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், நீதிமன்றம் உத்தரவிட்ட ஜீவனாம்சம். வீட்டை அடமானம் பிடித்த வங்கியின் உரிமையும் போகாது. உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் விடுபட மாட்டார். அவரைத் தேடிப் போய் நிலைமையைச் சொல்வது உங்கள் கடமை.

வீட்டை நடத்த எது மிஞ்சும்

கடனுக்காக எல்லாவற்றையும் பிடுங்கிவிட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப்., ஓய்வூதியம் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து காக்கிறது. கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியைத் தொட முடியாது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுடையது. சம்பளம் 25,000 என்றால் 17,000 ரூபாய்க்குப் பாதுகாப்பு. அதிகபட்சம் 8,000 ரூபாயைத்தான் ஜப்தி செய்யலாம். ஜீவனாம்ச ஆணைக்கு மட்டும் கணக்கு வேறு.

கடனைக் கட்ட முடியாதது குற்றமல்ல. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுத்தால் ஒழிய, வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாக்கியது.

விடுவிப்பு வரும்வரை செய்யக் கூடாதவை

நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டு விடுவிப்பு வராத நிலையில், அந்த உண்மையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெறுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். நூறாண்டுக்கு முந்தைய தொகை இன்னும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. மளிகைக் கடைப் பாக்கிகூட இதில் அடங்கலாம்.

சொத்தை மனைவி பெயருக்கோ மச்சான் பெயருக்கோ சும்மா மாற்றி எழுதி வைக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் விலையின்றிக் கைமாறிய சொத்தை நீதிமன்றம் மீட்கலாம். விடுவிப்புக்கு முன் வாரிசாகக் கிடைக்கும் சொத்தும் ரிசீவருக்குத் தெரிய வேண்டும். கடன் கொடுத்தவரிடம் விட்டுவைத்த நிரப்பாத காசோலைகளை மறக்க வேண்டாம். காசோலை திரும்பினால் வரும் குற்ற வழக்கை நொடிப்பு மனு தடுக்காது.

செலவை எங்கிருந்து திருத்துவது

தொழில் செய்தவர்களின் வீட்டுச் செலவு கடைக் கல்லாவிலிருந்து நேராக வந்திருக்கும். எது வருமானம், எது சரக்குக்கான பணம் என்ற பிரிவே இருந்திருக்காது. முதல் திருத்தம் அங்கேதான். இனி வீட்டுக்கு ஒரு கணக்கு, தொழிலுக்கு ஒரு கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை வங்கிகள் தர வேண்டும். கடன் நிலுவை உள்ள அதே வங்கியில் சம்பளத்தை வரவைத்தால், வங்கி அதைப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ள நேரலாம். எனவே கணக்கை வேறு வங்கியில் வைத்து, அதை ரிசீவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாதத்தின் முதல் வாரத்திலேயே வாடகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மிஞ்சியதை நான்கு வாரத்துக்குப் பிரியுங்கள். ஒரு வாரப் பணம் வியாழக்கிழமை தீர்ந்தால் ஞாயிறு வரை பொறுப்பதுதான் பயிற்சி. அடுத்த வாரத்தில் கை வைக்கக் கூடாது. முதல் மூன்று மாதங்களுக்குக் கைச்செலவை ரொக்கமாகவே செய்து பாருங்கள். போனைக் காட்டிக் கட்டும்போது தெரியாத செலவு, நோட்டு கைவிட்டுப் போகும்போது தெரியும்.

மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தை மறுபடி கவிழ்க்கக் கூடும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் வங்கியிலேயே எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காப்புத் தொகை 2 லட்சம் வரை. விடுவிப்புக்குப் பிறகு தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயில் ஆர்.டி. தொடங்குங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் மாதம் தவறாமல் கட்டும் பழக்கம் திரும்ப வரும்.

'கையில் இல்லை' என்று சொல்லப் பழகுதல்

காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று அழைப்பு வந்தால் முன்பு 5,000 மொய் எழுதியவர் இப்போது 500 எழுதக் கூசுகிறார். போகாமலே இருந்துவிடுகிறார், அல்லது நகையை அடகு வைத்து எழுதுகிறார். இரண்டும் வேண்டாம். போங்கள், முடிந்ததை எழுதுங்கள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்து, 'இப்போது முடியவில்லை, பிறகு செய்கிறேன்' என்று நேரில் சொல்லுங்கள்.

வீட்டில் மறைப்பது இதைவிடக் கெடுதல். வருமானம் எவ்வளவு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது கணவன், மனைவி இருவருக்கும் தெரிய வேண்டும். வளர்ந்த பிள்ளைகளிடமும் அளவாகச் சொல்லலாம். தெரியாத பிள்ளை புது போன் கேட்கும். தெரிந்த பிள்ளை பொறுத்துக்கொள்ளும். இரவில் தூக்கம் வராமல் வாழவே பிடிக்காத எண்ணம் வந்தால் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழையுங்கள். இரண்டும் இலவசம்.

மறுபடி வலை விரிப்பவர்கள்

வங்கி மறுத்தவரைத் தேடி வருபவர்கள் உண்டு. 'ஆதார் போதும், ஐந்து நிமிடத்தில் பணம்' என்னும் செயலி உங்கள் போனிலுள்ள எண்களையும் படங்களையும் கேட்டால் உடனே நீக்குங்கள். ஏமாந்துவிட்டால் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 'சிபில் ஸ்கோரை ஒரே மாதத்தில் ஏற்றித் தருகிறோம்' என்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து நீங்கள் புகார் செய்தும் 30 நாளில் தீர்க்காவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கணவர் பெயரில் கடன் கிடைக்காதபோது மனைவி பெயரில் குழுக் கடன் எடுப்பது அடுத்த பொறி. குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வைத்த விதி. அந்த வரம்பு உங்களைக் காக்கத்தான். வருமானத்தைக் கூட்டிக் காட்டி அதைத் தாண்டாதீர்கள்.

மிரட்டல் வந்தால்

வங்கி, நிதி நிறுவன வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. உறவினர் முன் அவமானப்படுத்தவும் கூடாது. முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி கேட்டு மிரட்டுபவர் மீது 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-லும் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி கிடைக்கும்.

இதைப் படிப்பவர்களில் பலர் கடனாளியாக இல்லாமல் அவருடைய அண்ணனாகவோ, சம்பந்தியாகவோ, பக்கத்துக் கடைக்காரராகவோ இருப்பீர்கள். அவர் 500 ரூபாய் மொய் எழுதினால் முகம் சுளிக்காதீர்கள். சீர் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நொடித்த குடும்பம் குறைந்த செலவில் மரியாதையோடு வாழ உறவும் ஊரும் இடம் கொடுத்தால், அடுத்த கடனை வாங்க அவர்களுக்கு அவசியமே வராது.