கடல்நாய்க்குப் பனிவீடு கட்டும் ஊர்மக்கள்

பனி குறைந்த வருஷங்களில் பின்லாந்து நாட்டில் ஒரு வேலை நடக்கிறது. ஜனவரி வாக்கில் ஊர்மக்கள் ஷவலைத் தோளில் போட்டுக்கொண்டு, உறைந்து கிடக்கும் ஏரிமேல் நடந்து போகிறார்கள். தீவுகளின் கரையோரம் பனியை அள்ளி, சின்ன வைக்கோல் போர் மாதிரி நீளமாகக் குவிக்கிறார்கள். குவித்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அதற்குள்தான் கடல்நாய் குட்டி போடும்.

‘நம்ம பத்திரிகையில் கடல்நாய்க்கு என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். நம்மைப் போலவே பருவத்தை நம்பிப் பிழைக்கிற உயிர் அது. பருவம் தப்பினால் என்ன ஆகும், மனுசன் எவ்வளவு தூரம் ஈடுகட்டலாம், எந்த இடத்தில் கை நின்றுபோகும் என்பதை அந்த ஏரி தெளிவாகக் காட்டுகிறது.

ஏரியில் எப்படிக் கடல்நாய்?

பின்லாந்தின் தென்கிழக்கில் இருப்பது சைமா ஏரி. சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், ஆயிரக்கணக்கான தீவுகள். பனியுகம் முடிந்து, மேலே கிடந்த பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதும் அங்கே நிலம் மெல்ல எழும்பியது. கடலோடு இருந்த தொடர்பு அறுந்தது. ஒன்பதாயிரம் வருஷங்களுக்கு மேலாகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட கடல்நாய்கள் நன்னீருக்குப் பழகி, அங்கேயே வம்சம் வளர்த்தன. இந்த வகை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் இதை ‘நோர்ப்பா’ என்கிறார்கள்.

ஒரு தாய் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். பிறப்பது பிப்ரவரி, மார்ச்சில். அப்போது எடை நாலைந்து கிலோ. உடம்பில் கொழுப்பு இருக்காது, கம்பளி மாதிரி மெத்தென்ற முடி மட்டும்தான். வெளியே குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிரில் குட்டி பிழைப்பது எப்படி?

தீவுக்கரையில் காற்று பனியை ஒதுக்கிச் சேர்க்கும். தாய் ஐஸுக்கு அடியிலிருந்து நகத்தால் துளை போட்டு, மேலே குவிந்த பனிக்குள் குகை குடையும். வாசல் தண்ணீருக்குள். குகைக்குள் குளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே இருக்கும். நரியின் கண்ணிலும் படாது. பனி அரை மீட்டர் கனமாவது சேர்ந்தால்தான் இந்தக் குகை நிற்கும்.

மூன்று எதிரிகள்

முதல் எதிரி துப்பாக்கி. ‘மீனைத் தின்கிறது’ என்று சொல்லி, கடல்நாயைக் கொன்றவர்களுக்கு அரசாங்கமே ஒரு காலத்தில் பணம் கொடுத்தது. 1955இல் சட்டம் போட்டு வேட்டையை நிறுத்தினார்கள்.

இரண்டாவது விஷம். 1960களில் மரக்கூழ், காகித ஆலைகளின் கழிவோடு பாதரசம் ஏரிக்குள் வந்தது. பக்கத்திலுள்ள பால்டிக் கடலில் டி.டி.டி., பி.சி.பி. நஞ்சுகள் சேர்ந்து, பெண் கடல்நாய்கள் மலடாகிப் போயின. நஞ்சு தெளித்த இடத்திலேயே நிற்பதில்லை என்பது நமக்குப் புதிதல்ல.

மூன்றாவது வலை. நீந்தப் பழகும் குட்டிகள் நைலான் வலையில் சிக்கி, மூச்சு முட்டிச் சாகும். 1980களில் ஏரி முழுவதும் எண்ணினால் 150கூடத் தேறவில்லை. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, கடல்நாய் வாழும் பகுதிகளில் வலை போடத் தடை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே நீர்ப்பரப்பில் பெரும்பகுதி கிராமத்துப் பங்குதாரர்களுக்குச் சொந்தம். அரசு அவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டு, இழப்பீடும் கொடுத்தது. வலைக்குப் பதிலாக, குட்டி நுழைய முடியாதபடி வாய் சிறுத்த மீன்கூண்டுகள் வந்தன. இயற்கையைக் காப்பாற்றுகிற செலவை ஏழை மீன்காரன் தலையில் மட்டும் கட்டாவிட்டால், ஊரும் சேர்ந்து நிற்கும்.

பலன் கிடைத்தது. இன்று எண்ணிக்கை 400ஐத் தாண்டியிருக்கிறது.

நாலாவது எதிரி

பாங்கில் இருந்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம். இருப்பு ஏறியிருக்கிறது என்றால், வரவு எதை நம்பி வருகிறது என்றும் பார்ப்பேன். இங்கே வரவு பனியை நம்பி வருகிறது.

பின்லாந்து, உலக சராசரியைப் போல சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிறது. ஏரி தாமதமாக உறைகிறது, பனி சேரும் நாட்கள் குறைகின்றன, பனிமேல் மழை பெய்கிறது. மழையில் குகையின் கூரை இடிந்தால், குட்டி வெட்டவெளியில் கிடக்கும். குளிரில் சாகும், இல்லையென்றால் நரி தூக்கிப் போகும். 2006, 2007 குளிர்காலங்களில் பனி போதாமல் குட்டிகள் நிறையச் செத்தன.

அதற்குப் பிறகுதான் கிழக்குப் பின்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பனியை நாமே குவித்துக் கொடுத்தால் என்ன என்று சோதித்தார்கள். கடல்நாய் ஏற்றுக்கொண்டது. மனுசன் குவித்த பனிக்குள்ளும் குகை குடைந்து குட்டி போட்டது. 2014 குளிர்காலத்தில் வனத்துறையோடு தன்னார்வலர்கள் சேர்ந்து பெரிய அளவில் இறங்கினார்கள். அதற்குப் பின்னும், பனி குறைந்த வருஷங்களில் ஷவலை எடுத்திருக்கிறார்கள்.

ஷவல் எவ்வளவு தூரம் போகும்?

குவிப்பதற்குக் கொஞ்சமாவது பனி வேண்டும். ஆளைத் தாங்க ஐஸ் வேண்டும். இரண்டும் இல்லாத வருஷம் வந்தால்? அதற்கும் மிதக்கும் செயற்கைக் குகைகளைச் செய்து சோதிக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் தாய்க்கடல்நாய் தானாகச் செய்த வேலையை, இனி வருஷா வருஷம் மனுசன் செய்தாக வேண்டும்.

வடக்கே ஆர்க்டிக் கடலிலும் இதே கதைதான். 1979க்குப் பிறகு அந்தப் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. ஐஸ்மேல் குட்டி போடும் கடல்நாய் இனங்களெல்லாம் தடுமாறுகின்றன. கடலில் இருப்பவை இன்னும் வடக்கே நகர்ந்து பார்க்கலாம். சைமா கடல்நாய்க்கு அந்த வழியும் கிடையாது. அதற்கு உலகமே அந்த ஏரிதான்.

துப்பாக்கியையும் வலையையும் பின்லாந்து தன் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது. சூட்டைத் தனியாகத் தடுக்க அதனால் முடியாது. 2035க்குள், வெளிவிடும் கரியும் உறிஞ்சும் கரியும் சரிக்குச் சரி ஆகவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். மற்ற நாடுகளும் குறைத்தால்தான் சைமாவில் பனி பெய்யும்.

அந்தக் கணக்கில் விவசாயத்துக்கும் பங்கு உண்டு. யூரியா மாதிரி தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடும் வயலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கிளம்புகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோவின் சூடு கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தொழுவுரமும் போட்டு, யூரியா மூட்டையைக் குறைப்பவர் தன் மண்ணுக்காகத்தான் அதைச் செய்கிறார். கூடவே, எங்கோ ஒரு ஏரியில் பனி நிற்பதற்கும் தன் பங்கைச் செலுத்துகிறார். ஷவல் தூக்கும் அந்த ஊர்க்காரர்கள் வாங்கிக் கொடுத்திருப்பது கொஞ்சம் அவகாசம். அது தீர்வதற்குள் மீதி வேலையை நாம் எல்லோரும் செய்தாக வேண்டும்.