ஆலை ஏன் அங்கே வந்தது?

உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கும் பிள்ளைகளிடம் உலகின் பிரதான கைத்தொழில் பிரதேசங்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள். லங்காஷயர், ரூர், பேரேரிகள், தென்சீனக் கரை என்று மூச்சுவிடாமல் சொல்வாங்க. உலகப் படத்தில் சரியாகக் குறித்தும் காட்டுவாங்க. "ஏன் அங்கே?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த 'ஏன்' இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் ஊர்ப்பெயர் மனனம்தான்.

முதலில் லங்காஷயர். இங்கிலாந்தின் வடமேற்கில், பெனைன் மலைச்சரிவை அண்டிய பகுதி. அங்கே பருத்தி விளைவதில்லை. இருந்தும் 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கே துணி அனுப்பியது. மலையிலிருந்து வேகமாக இறங்கும் ஓடைகள் நீர்ச்சில்லைச் சுழற்றின. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் டார்பிஷயரின் க்ரொம்ஃபோர்ட் கிராமத்தில் தொடங்கிய நூற்பாலையும் நீர்விசையால்தான் ஓடியது. ஈரக்காற்றில் பருத்தி நூல் இலேசில் அறாது. நீராவி இயந்திரம் வந்தபோது காலடியிலேயே நிலக்கரி இருந்தது. பக்கத்தில் லிவர்பூல் துறைமுகம். 1830இல் அதை மன்செஸ்டரோடு இணைக்கப் புகையிரதமும் வந்துவிட்டது.

சரி, பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின அடிமைகள் பறித்த பஞ்சு. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, தென் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயர் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் காலத்தைப் 'பருத்திப் பஞ்சம்' என்றே வரலாறு சொல்கிறது. வேலையும் கூலியும் குறைந்து கிடந்த நாளிலும், 1862 டிசம்பர் 31இல் மன்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமைமுறைக்கு எதிராக லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே லிங்கன் பதில் எழுதினார். பஞ்சுத் தட்டுப்பாட்டை ஈடுசெய்ய எகிப்திலும் இந்தியாவிலும் பருத்திச் செய்கை பெருகியது. ஆகவே லங்காஷயரின் படத்தை வரைபவர் மிசிசிப்பிக் கரையையும் நைல் கரையையும் சேர்த்துத்தான் வரைய வேண்டும்.

ஜேர்மனியின் ரூர் பிரதேசம் நிலக்கரியின் பிள்ளை. அக்காலத்தில் இரும்பு உருக்குவதற்குத் தாதுவைவிட நிலக்கரிதான் கூடுதல் பாரம் தேவைப்பட்டது. பாரமானதை ஏற்றி இறக்கினால் செலவு. அதனால் தாதுதான் நிலக்கரியைத் தேடி வந்தது. ரைன் நதி அதற்கு மலிவான பாதை. எசன் நகரில் குருப் நிறுவனம் தொடங்கியது 1811இல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் போதவில்லை. 1961இல் மேற்கு ஜேர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. 'விருந்தாளித் தொழிலாளர்' என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளிகளில் பலர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். டுயிஸ்பர்க்கின் மார்க்ஸ்லோ பகுதியில் 2008இல் திறந்த பெரிய பள்ளிவாசல் அந்த வரலாற்றின் அடையாளம்.

ஐக்கிய அமெரிக்காவில் தாது சுப்பீரியர் ஏரிப் பக்கம், நிலக்கரி அப்பலாச்சியன் மலைப் பக்கம். இரண்டையும் ஏரிகள் சேர்த்துவைத்தன. 1855இல் சூ கால்வாய் திறந்ததும் கப்பல்கள் சுப்பீரியரிலிருந்து நேராக இறங்கின. டிட்ரொயிட்டில் ஹென்றி ஃபோர்டின் நகரும் தொகுப்பு வரிசை 1913இல் ஓடத் தொடங்கியது. அயலில் உள்ள டியர்போர்ன் ஆலைக்கு லெபனானிலிருந்தும் யெமனிலிருந்தும்கூட வேலைக்கு வந்தார்கள்.

ஷென்ஜென் கதை வேறு. அதை வளர்த்தது நிலக்கரியோ இரும்போ அல்ல. பக்கத்தில் ஹொங்கொங்கின் துறைமுகமும் முதலும், 1980இல் சீன அரசு அறிவித்த விசேட பொருளாதார வலயம், உள்மாகாணங்களிலிருந்து வந்த இளம் தொழிலாளர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1978இல், நம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. துணி வெளியிலிருந்து வரும், தைத்த உடுப்பு வெளியே போகும். விமான நிலையம், கொழும்புத் துறைமுகம், வரிச்சலுகை, தூரக் கிராமத்துப் பெண்பிள்ளைகளின் உழைப்பு, இவைதான் அதன் மூலவளம்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஆற்றையும் நிலக்கரிப் படையையும் யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. வரிச்சலுகையும் குறைந்த கூலியும் எந்த நாடும் கொடுக்கக்கூடியவை. அவற்றை நம்பி வந்த ஆலை, வேறிடத்தில் இன்னும் மலிவு கண்டால் போய்விடும். நிலக்கரியே இருந்தும் ரூர் தப்பவில்லை. அதன் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனா அவர்கள் கடைசி நாள்வரை சும்மா இருக்கவில்லை. சுரங்கத்தொழில் தளரத் தொடங்கிய 1960களிலேயே போகும் நகரிலும் டொர்ட்முண்டிலும் பல்கலைக்கழகங்களைத் திறந்தார்கள்.

பத்து வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் நம் பிள்ளையின் கையில் என்ன தொழிலறிவு இருக்கிறது, அதை வைத்து அவள் ஊரில் என்ன செய்யலாம்? புவியியல் பாடத்தில் இந்தக் கேள்விக்கும் ஓர் இடம் ஒதுக்கத்தான் வேண்டும்.