பூச்சியின் குடலில் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்

நுண்ணுயிர் என்றதும் நோயை நினைத்து அஞ்சுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆயினும் நன்மை புரியும் நுண்ணுயிர்களும் பல உள. புதுச்சேரியில் கதிர்காமத்தை அடுத்த இந்திரா நகரில், 1975-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கொசுப் புழுக்களைக் கொல்லும் பாக்டீரியாவை மருந்தாக்கியது அம்மையத்தின் பணிகளுள் ஒன்று. பூச்சியைக் கொல்லும் பாக்டீரியா இருப்பதுபோலவே, பூச்சியின் குடலில் வாழ்ந்து நாம் தெளிக்கும் நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியாவும் உண்டு.

முட்டைக்கோசையும் பூக்கோசையும் அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியைப் பயிரிடுவோர் நன்கறிவர். அதன் குடல் பாக்டீரியாக்களைப் பெங்களூரு விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அசிபேட், இண்டாக்சாகார்ப் ஆகிய பூச்சிமருந்துகளைச் சிதைக்கும் ஆற்றல் அவற்றுட் சிலவற்றிற்கு இருப்பது தெரியவந்தது. இவை சுரக்கும் நொதிகள் மருந்தின் மூலக்கூற்றை வெட்டித் துண்டாக்குகின்றன. இத்தகைய பாக்டீரியாவைப் பிரித்துப் பெருக்கி, மருந்து எச்சம் கலந்த மண்ணையும் நீரையும் தூய்மை செய்ய இயலலாம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பயறுவகைக் காய்களை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஒன்றை ஜப்பானில் ஆராய்ந்தோர், 2012-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை அறிவித்தனர். பெனிட்ரோதியான் என்னும் மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்த மண்ணில், அதனைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகுகிறது. அம்மண்ணிலிருந்து பூச்சிக் குஞ்சுகள் அப்பாக்டீரியாவை உட்கொள்கின்றன. பின்னர் மருந்துக்கு அவை எளிதில் மடிவதில்லை. நாம் மிகுதியாகத் தெளிக்கும் மருந்தே பூச்சிக்குக் கவசமாகிறது என்பதை இதனால் உணரலாம்.

மேலும், ஆய்வுக்கூடக் குடுவையில் நிகழ்வதெல்லாம் வயலிலும் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளலாகாது. வெயில், ஈரம், மண்ணிலுள்ள பிற உயிர்கள் ஆகியவற்றிற்கு ஈடுகொடுத்தே அங்கு பாக்டீரியா வாழவேண்டும். ஆகவே, நஞ்சை நீக்கும் எனச் சான்றின்றி விற்கப்படும் புட்டிகளை நம்பி மருந்தைக் கூட்டுதல் தகாது.

விவசாயப் பெருமக்கள் ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து தெளியாது, வேளாண்மை அலுவலரைக் கலந்து, வேறுபட்ட வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். கோசுப் பயிரில் 25 வரிசைக்கு 2 வரிசை வீதம் கடுகு விதைத்தால், அந்துப்பூச்சி கடுகை நாடிச் செல்லும், தெளிப்பும் குறையும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. தெளிப்பான்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவாதபடி அவர்கள் கண்காணித்தல் வேண்டும். காலியான மருந்துப் புட்டிகளை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் கூறுகின்றன. அதற்கென ஓரிடத்தைக் கொம்யூன் பஞ்சாயத்தின் உதவியுடன் குறித்துவைத்தல் நலம்.

கலந்துவிட்ட நஞ்சை நுண்ணுயிர் மெல்லவே முறிக்கும். கலவாமற் காப்பதோ இன்றே நம் கையில் உள்ளது. ஊர்தோறும் இதனை எடுத்துரைத்து, நிலத்தையும் நீரையும் காப்போமாக!