எரியாத விளக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

2024-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்து சேர்ந்தது. புதிய கார் அன்று. 2011-இல் பதிவாகி இரண்டு கைகள் மாறிய சிறிய வண்டி. இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய லாரிகளையே ஓட்டிய என் தந்தையாருக்குத் தமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. சீட்டுப் பணம் போதாமல் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. புரோக்கர் வண்டியை ஓடவிட்டு மீட்டர் போர்டைக் காட்டினார். "பாருங்கண்ணா, ஒரு லைட்டாவது எரியுதா? வண்டி தங்கம்" என்றார். எரியாத விளக்குகளைக் கண்டு நாங்களும் மகிழ்ந்து வீடு திரும்பினோம்.

அந்த மகிழ்ச்சி பதினொரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் கொல்லிமலை அறப்பளீசுவரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்றோம். அம்மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டென்பது நம் பகுதி மாணவர் அனைவரும் அறிந்ததே. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. சோளக்காட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கிச் சில வளைவுகள் கடந்ததும் தந்தையாரின் முகம் மாறியது. பிரேக்கை மிதித்தால் மிதிகட்டை வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று; வண்டி இடப்பக்கம் லேசாக இழுத்தது. அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் சிறிது சிறிதாகப் பிடித்து, நடை வேகத்தில் காரவள்ளி வரை இறக்கிவிட்டார். அடிவாரத்தில் இறங்கிய பின்தான் அவர் சட்டை முழுவதும் நனைந்திருந்ததைப் பார்த்தேன். அப்போதும் மீட்டர் போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

மறுநாள் மெக்கானிக் பட்டறையில் உண்மை வெளிப்பட்டது. பின்பக்க இடது சக்கரத்தின் வீல் சிலிண்டர் கசிந்திருந்தது. முன்சக்கரங்களின் பேடுகள் தகடு தெரியுமளவு தேய்ந்திருந்தன. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே, காப்பி நிறத்தில் கிடந்தது. இத்தனை இருந்தும் சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை? மெக்கானிக் சாவியைப் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை. மீட்டரைக் கழற்றினார். சிவப்பு விளக்குக்குரிய பல்பு அங்கே இல்லை. யாரோ பிடுங்கி எடுத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கின் மேல் உட்புறமாகக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது!

அன்றிரவு தந்தையார் என்னிடம் கேட்டார்: "ஏன் சாமி, நீ பிசிக்ஸ்தானே படிக்கற? லாரியில காத்து எறங்கினா வண்டி தானா நின்னுக்கும். இதுல எண்ணெய் கொறஞ்சா ஏன் நிக்க மாட்டேங்குது?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. பாஸ்கல் விதியைப் படத்துடன் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் தந்தையார் கேட்டது வினாத்தாளில் வரும் வினா அன்று. ஒரு வாரம் நூலகத்திலும், அதைவிட அதிகமாகப் பட்டறையிலும் உட்கார்ந்து நான் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட கேள்வி. கனரக லாரிகளில் நிறுத்தி வைப்பதற்கான பிரேக்கை ஒரு வலிய சுருள்வில் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றழுத்தம் அந்த வில்லை அமுக்கினால்தான் சக்கரம் விடுபடும். ஆகவே காற்று இல்லையேல் வண்டி நகராது. காலையில் காற்று ஏறும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் ஓட்டுநர்களைப் பார்த்திருப்பீர்கள். காரில் நிலைமை நேர் எதிர். அங்கே பிரேக்கைப் பிடிப்பதே திரவம்தான். திரவம் போனால் பிடிப்பும் போகும். லாரியின் குறை வண்டியை நிறுத்திவிடும். காரின் குறை வண்டியை விட்டுவிடும். இருபத்திரண்டு ஆண்டு அனுபவசாலியான என் தந்தையார் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பிரான்சு நாட்டுப் பிளெய்ஸ் பாஸ்கல் (1623-1662) கூறியபடி, அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும். கணக்கை வசதியான எண்களில் போட்டுப் பார்ப்போம். கால் 20 கிலோ எடையளவு அழுத்துகிறது என்போம். மிதிகட்டை ஒரு நெம்புகோல். அது நான்கு மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டருக்கு 80 கிலோ போகிறது. அதன் பிஸ்டன் 2 செ.மீ. விட்டமும், சக்கரத்தில் உள்ள பிஸ்டன் 5 செ.மீ. விட்டமும் உடையவை என்றால், பரப்புகளின் விகிதம் 6.25. ஆகவே பேடை அழுத்தும் விசை 500 கிலோ! பூஸ்டரின் உதவியைச் சேர்க்காமலே இத்தனை. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை பெருகினால் தூரம் சுருங்கும். மிதிகட்டை பல சென்டிமீட்டர் இறங்க, பேடு நகர்வதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தச் சிறு நகர்வுக்கு நடுவில் காற்றுக் குமிழி புகுந்தால் என்ன ஆகும்? திரவம் சுருங்காது, காற்று பாயில் விதிப்படி சுருங்கும். கால் கொடுத்த தூரமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். கொல்லிமலையில் மிதிகட்டை ஆழமாகப் போனதன் பொருள் இதுவே.

பிறகு நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? காரில் பிரேக் குழாய்கள் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருக்கின்றன. எங்கள் வண்டி போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் முன்வலது சக்கரமும் பின்னிடது சக்கரமும் ஒரு சுற்று. மற்ற இரண்டும் வேறொரு சுற்று. ஆயில் டப்பாவுக்குள்ளேயும் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. ஒரு பக்கம் வற்றினாலும் மறுபக்கம் மிஞ்சும். பின்னிடது சிலிண்டர் கசிந்ததால் முன்வலதும் வலுவிழந்தது. முன்னிடது மட்டும் பிடித்ததால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பாதி பிரேக்கும், முதல் கியரும், ஓட்டியவரின் நிதானமும் எங்களை இறக்கிவிட்டன. இவற்றில் மூன்றாவதை எந்தப் பாடநூலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி விளக்குக்கு வருவோம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இருபுறமும் பிறைபோன்ற வளைவுகள்: இதுவே சிவப்பு விளக்கு. ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தாலும் அது எரியும். ஆயில் குறைந்தாலும் எரியும். ஒரே விளக்குக்கு இரண்டு வேலை என்பதால் "ஹேண்ட் பிரேக் சரியாக இறங்கவில்லை போலும்" என்று அலட்சியம் செய்வது எளிது. ஆயில் டப்பாவில் ஒரு மிதவையும் அதில் சிறு காந்தமும் இருக்கும். ஆயில் குறைய மிதவை இறங்கும். கண்ணாடிக் குழலுக்குள் நூலிடைவெளியில் நிற்கும் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளைக் காந்தம் ஒன்றோடொன்று ஒட்டச் செய்ய, சுற்று முடிந்து விளக்கு எரியும். ஆய்வுக்கூடத்தில் நாம் அரைமணி நேரம் செலவிட்டுச் செய்யும் சோதனை அங்கே ஓசையின்றி நடக்கிறது. எல்லா வண்டிகளிலும் இதே அமைப்பு என்று கொள்ளவேண்டாம், கருத்து ஒன்றே.

ஆயில் குறைவதற்குக் கசிவுதான் காரணம் என்பதில்லை. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அதன் பின்னாலுள்ள இடத்தை ஆயில் நிரப்புகிறது. ஒரு சக்கரத்தின் இரு பேடுகளும் எட்டெட்டு மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் 1.6 செ.மீ. நகரும். மேலே சொன்ன 5 செ.மீ. பிஸ்டனுக்கு இது சுமார் 31 கன சென்டிமீட்டர். இரு முன்சக்கரங்களுக்கும் 60-க்கு மேல். கசிவே இல்லாமல் இத்தனை குறையும். ஆகவே விளக்கு எரிந்தவுடன் ஆயிலை ஊற்றி அதை அணைத்துவிடுவது, காய்ச்சலைப் பார்க்காமல் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் போடுவது போன்றது. முதலில் பேடைப் பார்க்க வேண்டும்; பிறகு சக்கரங்களின் உட்புறம் ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்; ஊற்றுவது அதற்கும் பிறகே. ஆயில் என்ற பெயரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊற்றக் கிளம்பிய உறவினர் ஒருவரும் எங்களுக்கு உண்டு. நல்லவேளை, மெக்கானிக் தடுத்தார். பிரேக் ஆயில் பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

காப்பி நிறத்தின் கதையும் உண்டு. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சுமார் நூற்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்ந்த பின் 140 டிகிரி இருந்தாலே தேர்ச்சி. டாட் 4-க்கு இவை 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால், பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். பிறகு மேற்சொன்ன பாயில் விதிதான். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரம் அன்று.

பழைய வண்டி வாங்கச் செல்லும் தோழர்களும் ஆசிரியப் பெருமக்களும் ஓடும் வண்டியின் மீட்டரைப் பார்க்க வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் மஞ்சள் விளக்கும் எரிந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். ஆயில், பேட்டரி விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். எல்லாமே ஸ்டார்ட் செய்த பிறகு சேர்ந்தாற்போல் அணைந்தால், ஏ.பி.எஸ். விளக்கின் ஒயரை வேறொரு விளக்கோடு யாரோ முடிந்து வைத்திருக்கலாம். பிடுங்கிய பல்பைவிட நுட்பமான திருட்டு இது. பின்பு இன்ஜினை ஓடவிட்டு மிதிகட்டையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் விலை பேச வேண்டாம். ஓட்டும்போது சிவப்பு எரிந்து மிதிகட்டையும் இறங்கினால், ஓரமாக நிறுத்தி இழுவை வண்டியைக் கூப்பிடுவதே வழி. மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். திடீரென அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதை நினைவில் வைத்து மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டும் அபாயம் உண்டு. அதை மஞ்சளாக எண்ணாமல் சிவப்பாகவே எண்ணுங்கள்.

எங்கள் வண்டிக்குப் புதிய வீல் சிலிண்டரும், பேடுகளும், ஆயிலும், மிகச் சிறிய ஒரு பல்பும் போடப்பட்டன. கடைசிப் பொருளின் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. சிவப்பு விளக்கு சரியாயிற்று. டேப்பை உரித்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. முன்சக்கரம் ஒன்றின் வேகத்தை அறியும் சென்சார் செத்துப்போயிருந்தது. அதற்கு அப்போது பணம் இல்லை. "கண்ணை உறுத்துதுன்னா ஒயரைப் பிடுங்கிவிட்டுடட்டுங்களாண்ணா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வேண்டாந் தம்பி. அது எரியட்டும்" என்றார் தந்தையார்.

மூன்று மாதம் அது எரிந்தது. ஆவணியில் சென்சார் வாங்கினோம். வளையல்கள் மட்டும் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. இப்போது சாவியைத் திருப்பியதும் முன் இருக்கையில் என் தங்கை சத்தமாக எண்ணுவாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பதற்குள் மஞ்சள் அணைய வேண்டும். அது அணைந்த பிறகுதான் தந்தையார் வண்டியை ஸ்டார்ட் செய்வார்.